கரடுமுரடான தடத்தில் வண்டிக்கு வண்டி பேச்சு: ரேடியோ வாங்குவதும் பொருத்துவதும்

தார்ச்சாலை முடிந்து தடம் தொடங்கும் இடத்தில் கைபேசி சிக்னலும் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. அதற்கப்பால் கூட்டமாகப் போகும் வண்டிகள் ஒன்றோடொன்று பேச ரேடியோவை விட்டால் வேறு வழியில்லை. கோபுரம் வேண்டாம், எண்ணை அழுத்தி மணி அடிக்க வேண்டாம். ஒருவர் பொத்தானை அழுத்திப் பேசினால் எல்லா வண்டிகளிலும் அதே நொடியில் கேட்கிறது. கடைசி வண்டி சேற்றில் இறங்கிவிட்டது என்பது முதல் வண்டிக்கு உடனே தெரிய வேண்டும். முன்னே போகிறவர் கண்ட பள்ளம் பின்னே வருகிறவருக்கு அங்கே போய்ச் சேரும் முன்பே தெரிய வேண்டும். இந்த இரண்டும் ஒழுங்காக நடந்தால் பயணத்தில் பாதி ஆபத்து குறைந்துவிடும்.

புதிதாக வாங்க வருகிறவர்கள் முதலில் கேட்பது "எத்தனை கிலோமீட்டர் எடுக்கும்?", அடுத்து "எத்தனை வாட்?". இரண்டையும் கடைசிக்கு ஒதுக்கி வையுங்கள். பேச்சு எவ்வளவு தூரம் போகும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது ஆன்டெனாவும், அது வண்டியில் நிற்கும் இடமும், அதற்குப் போகும் கேபிளும்தான். நடுத்தர ரேடியோவையும் நல்ல ஆன்டெனாவையும் ஒழுங்காகப் பொருத்திய வண்டி, விலையுயர்ந்த ரேடியோவை ஏனோதானோவென்று மாட்டிய வண்டியைவிட எப்போதும் தெளிவாகக் கேட்கும்.

வாங்கும் முன் இரண்டு விசாரிப்புகள்

முதலாவது: நீங்கள் யாரோடு போகப் போகிறீர்களோ அவர்கள் என்ன வைத்திருக்கிறார்கள்? ரேடியோ என்பது இருவர் சேர்ந்தால்தான் பயன்படும் பொருள். குழுவில் எல்லாரும் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி (பொதுமக்களுக்கான ரேடியோ) வைத்திருக்க, நீங்கள் மட்டும் சிறந்த யுஎச்எஃப் (அதைவிட மிக உயர்ந்த அலைவரிசை) கருவியோடு போய் நின்றால் உங்களுக்குப் பேச ஆளில்லை. குழுவை வழிநடத்துகிறவரிடம் கருவியின் வகை, வழக்கமான சேனல், டோன் குறி (அதே குறியோடு வரும் குரலுக்கு மட்டும் ரேடியோவைத் திறக்கும் ஒலிக்குறி) ஏதும் வைக்கிறார்களா என்பதைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது: நீங்கள் ஓட்டப்போகும் நாட்டில் சட்டம் என்ன சொல்கிறது? அலைவரிசை என்பது பொதுச் சொத்து. ஒவ்வொரு அரசும் அதைப் பங்கிட்டு, எந்தப் பகுதியில் யார், எவ்வளவு வாட்டில் பேசலாம் என்று வரையறுத்திருக்கிறது. அமெரிக்காவில் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவுக்கு 40 சேனல்கள்; ஏஎம் முறையில் 4 வாட் வரை உரிமம் இல்லாமலே பேசலாம். 2021-இல் அங்கே சிபியில் எஃப்எம் முறைக்கும் அனுமதி கிடைத்தது. அதே நாட்டில் 462, 467 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்கும் ஜிஎம்ஆர்எஸ் என்ற பொதுமக்கள் ரேடியோ சேவையில் சில சேனல்களில் 50 வாட் வரை பேசலாம்; தேர்வு கிடையாது, ஆனால் உரிமம் வாங்கியாக வேண்டும். ஆஸ்திரேலியாவில் 477 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய யுஎச்எஃப் சிபிதான் எங்கும் புழக்கம்: 80 சேனல்கள், 5 வாட். அதில் 5, 35 ஆகிய சேனல்கள் அவசரத்துக்கென்று ஒதுக்கப்பட்டவை. நெடுஞ்சாலை லாரி ஓட்டுநர்கள் பேசுவது 40-இல். ஐரோப்பாவின் பிஎம்ஆர்446 என்னும் கையடக்கக் கருவிகளுக்கு அரை வாட்தான். ஆன்டெனாவும் கருவியோடு சேர்ந்தே இருக்க வேண்டும், கழற்றி வேறு மாட்டக் கூடாது. ஆகவே வண்டிக் கூரையில் ஆன்டெனா வைக்கும் யோசனைக்கே அந்தக் கருவிகளில் இடமில்லை.

இதனால் ஒரு நாட்டில் வாங்கிய கருவியை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோய் அப்படியே பயன்படுத்தலாம் என்று நினைத்துவிடாதீர்கள். மலிவான சில கையடக்கக் கருவிகள் காவல்துறை, தீயணைப்பு, கப்பல் தொடர்பு அலைவரிசைகளில்கூட ஒலிபரப்பும். கருவியால் முடிகிறது என்பதாலேயே நமக்கு அனுமதி இருக்கிறது என்று ஆகாது. அங்கே தவறுதலாக அழுத்தும் ஒரு பொத்தான் யாரோ ஒருவரின் உயிர்காக்கும் அழைப்பை மறைத்துவிடலாம்.

எந்த வகை?

சிபி (27 மெகாஹெர்ட்ஸ்) பழையது, எளியது, மலிவானது. இந்த அலையின் நீளம் ஏறத்தாழ 11 மீட்டர். அதனால் மேடுபள்ளங்களையும் மரங்களையும் ஓரளவு சமாளித்துப் போகும். ஆனால் முழு அளவு கால் அலை (அலை நீளத்தில் நாலில் ஒரு பங்கு) ஆன்டெனா 2.6 மீட்டருக்கு மேல் வரும். சுருள் சுற்றிக் குட்டையாக்கிய ஆன்டெனாக்கள் வசதியானவை என்றாலும் திறன் குறைந்தவை. எஞ்சின், எல்இடி விளக்கு ஆகியவற்றின் இரைச்சலும் ஏஎம் முறையில் அதிகம் காதில் விழும்.

யுஎச்எஃப் (450 முதல் 480 மெகாஹெர்ட்ஸ் வரை) எஃப்எம் முறையில் இயங்குவதால் குரல் தெளிவாக இருக்கும். கால் அலை ஆன்டெனா 16 சென்டிமீட்டர்தான். வழியில் மலை குறுக்கிட்டால் மட்டும் சட்டென்று அறுந்துபோகும். உங்கள் நாட்டில் பொதுமக்களுக்கு யுஎச்எஃப்பில் போதிய வாட் அனுமதி இருந்து, குழுவும் அதை ஏற்றுக்கொண்டால், தொடங்குகிறவருக்கு நான் சொல்வது இதைத்தான்.

மூன்றாவது வகை அமெச்சூர் ரேடியோ, அதாவது ஹாம். 144, 430 மெகாஹெர்ட்ஸ் பகுதிகளில் அதிக வாட்டில் பேசலாம். மலைமேல் உள்ள ரிப்பீட்டர்கள் (கேட்ட பேச்சை மறு ஒலிபரப்பும் நிலையங்கள்) வழியாக நீண்ட தூரம் எட்டலாம். ஆனால் ஒவ்வொருவரும் தேர்வெழுதித் தனி உரிமம் பெற வேண்டும், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது. அடிக்கடி தொலைவான இடங்களுக்குப் போகிறவர்கள் படித்துத் தேர்வெழுதுவது நல்ல முதலீடு. அடுத்த மாதப் பயணத்துக்கு இது பதில் ஆகாது.

கையடக்க வாக்கி-டாக்கியா, வண்டியில் பொருத்தும் ரேடியோவா என்று பலர் குழம்புகிறார்கள். முடிந்தால் இரண்டும் வேண்டும். வண்டிக்குள் உட்கார்ந்து வாக்கி-டாக்கியில் பேசினால், சுற்றியுள்ள தகடு அலையை வெளியே விடாது; முன்னும் பின்னும் வரும் வண்டியோடு பேசலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் இறங்கி நின்று சக்கரத்துக்கு வழிகாட்டுகிறவரின் கையில் வாக்கி-டாக்கியைப் போல் உதவுவது எதுவுமில்லை. பாறையில் ஏறும் வண்டிக்கு "இடது, இடது, நிறுத்து" என்று கத்திக்கொண்டிருக்காமல் மெதுவான குரலில் சொல்ல முடிகிறது. ஒரே ஒன்றுதான் வாங்க முடியுமென்றால், முதல் சில பயணங்களுக்கு 5 வாட் வாக்கி-டாக்கி போதும். உதிரி பேட்டரி ஒன்றைச் சேர்த்து வாங்குங்கள்.

வண்டியில் பொருத்தும் ரேடியோக்களில், எல்லா விசைகளும் திரையும் மைக்கிலேயே இருக்கும் வகை இப்போது பரவலாகக் கிடைக்கிறது. பெட்டியை இருக்கைக்கு அடியிலோ டேஷ்போர்டுக்குப் பின்னாலோ ஒளித்துவிட்டு மைக்கை மட்டும் கையெட்டும் இடத்தில் தொங்கவிடலாம். இடம் குறைந்த வண்டிகளுக்கு இது பெரிய வசதி. வாங்கும்போது தனி ஸ்பீக்கர் மாட்டும் துளை இருக்கிறதா என்று பாருங்கள்; ஜன்னலைத் திறந்து, தாழ்ந்த கியரில், எஞ்சின் உறுமும்போது பெட்டிக்குள் இருக்கும் சிறு ஸ்பீக்கர் கேட்காது.

தூரம் எங்கிருந்து வருகிறது

விஎச்எஃப் (ஹாமின் 144 மெகாஹெர்ட்ஸ் போன்றவை), யுஎச்எஃப் அலைகள் பெரும்பாலும் நேர்கோட்டில் போகின்றன. பூமி வளைவாக இருப்பதால் ஆன்டெனாவுக்கு ஒரு தொடுவானம் உண்டு. ஆன்டெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் அந்தத் தூரம் கிலோமீட்டரில் வரும். 2 மீட்டர் உயரத்தில் உள்ள ஆன்டெனாவுக்கு அது கிட்டத்தட்ட 6 கிலோமீட்டர். எதிர் வண்டிக்கும் அதே 6. ஆக, முற்றிலும் சமமான வெட்டவெளியில் இரண்டு வண்டிகளுக்கு நடுவே 12 கிலோமீட்டர். மரங்களும் குன்றுகளும் வந்தால் அது 3 அல்லது 4 ஆகச் சுருங்கலாம். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 50 கிலோமீட்டர் என்பது மலையுச்சிக்கும் மலையுச்சிக்கும் நடுவே கிடைக்கும் கணக்கு.

அதே கணக்கில், ஒரு வண்டி 50 மீட்டர் உயர மேட்டில் ஏறினால் அதன் தொடுவானம் 29 கிலோமீட்டராகிறது. 25 வாட்டை 50 ஆக்கினாலோ எதிர்முனையில் வித்தியாசம் 3 டெசிபல்தான் (டெசிபல் என்பது வலிமையை ஒப்பிடும் அளவு). காதுக்கு அரிதாகத் தெரியும். தொடர்பு கிடைக்காதபோது மேட்டுக்குப் போய்ப் பேசுங்கள் என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுவே.

ஆன்டெனாவும் அதன் இடமும்

ஆன்டெனாவின் மேல் 3, 6, 9 என்று டெசிபல் எண் குறித்திருப்பார்கள். எண் கூடினால் தூரம் கூடும் என்று பெரியதை வாங்கத் தோன்றும். அந்த எண் காட்டும் கெயின் ஆற்றலைப் பெருக்குவதில்லை. பலூனை மேலும் கீழும் அமுக்கினால் பக்கவாட்டில் விரிவதைப் போல, அலையைத் தட்டையாக்கித் தொடுவானத்தை நோக்கி அனுப்புகிறது, அவ்வளவே. சமவெளியிலும் பாலைவனத்திலும் 6 அல்லது 9 நன்றாக எட்டும். மலையில், ஒரு வண்டி மேலேயும் ஒன்று பள்ளத்தாக்கிலும் இருக்கும்போது, அந்தத் தட்டையான கதிர் எதிர் வண்டியின் தலைக்கு மேலோ காலுக்குக் கீழோ போய்விடும். வண்டி சாய்ந்து நிற்கும்போதும் அப்படித்தான். மலைத்தடங்களுக்கு 3 டெசிபல் குட்டை ஆன்டெனா நல்லது. கிளைகளில் மாட்டி ஒடிவதும் குறைவு. சில ஆன்டெனாக்களில் மேல் தண்டை மட்டும் கழற்றி மாற்றலாம். இரண்டு வகை நிலத்திலும் ஓட்டுகிறவர் அதைப் பார்த்து வாங்கலாம்.

அடுத்தது, வைக்கும் இடம். பொதுவாகப் புழங்கும் கால் அலை ஆன்டெனா தனக்குக் கீழே உள்ள தகட்டைத் தன் மறுபாதியாகப் பயன்படுத்திக்கொள்கிறது. எனவே நடுக்கூரைதான் முதல் தரமான இடம்: உயரமும் உண்டு, நான்கு பக்கமும் சமமாகத் தகடும் உண்டு. கூரையில் துளை போட மனமில்லாதவர்கள் பானெட் ஓரத்தில் பிடிக்கும் தாங்கி, கூரைக் கேரியர், முன்பக்கக் கம்பித் தடுப்பு ஆகியவற்றில் வைக்கிறார்கள். ஓரத்தில் வைத்தால் அலை எதிர்மூலையை நோக்கி அதிகம் போகும். முன் இடது மூலையில் நின்றால் பின் வலது பக்கம் பலமாகக் கேட்கும். கண்ணாடி இழைக் கூரை, அலுமினியச் சட்டத்தின் மேல் துணி போன்ற இடங்களில் தகடு இல்லை. அங்கே தகடு தேவைப்படாத வகை என்று குறிப்பிட்டு விற்கப்படும் ஆன்டெனாவைக் கேட்டு வாங்குங்கள்.

காந்த அடி ஆன்டெனாவைச் சோதனைக்கு வைத்துக்கொள்ளலாம். துளை போடும் முன் எந்த இடம் நன்றாக வேலை செய்கிறது என்று பார்க்க அது அருமையான கருவி. தடத்தில் நிரந்தரமாக நம்ப வேண்டாம். முதல் தாழ்ந்த கிளை அதைத் தட்டிவிடும், அடியில் சேரும் மணல் பெயின்ட்டைச் சுரண்டும்.

கேபிள் விஷயத்தில் மிச்சம் பிடிக்காதீர்கள். சாதாரண ஆர்ஜி-58 கேபிள் 5 மீட்டர் ஓடினால் 477 மெகாஹெர்ட்ஸில் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு கேபிளிலேயே வெப்பமாகப் போய்விடும். அதே கேபிள் 27 மெகாஹெர்ட்ஸில் பொருட்படுத்தத் தேவையில்லாத அளவே இழக்கிறது. யுஎச்எஃப் என்றால் இழப்பு குறைந்த கேபிளைக் கேளுங்கள், தேவைக்கு மேல் நீளம் விடாதீர்கள்.

பொருத்தும் வேலை

ஒரு நாளை இதற்காக ஒதுக்குங்கள். எதையும் திருகும் முன், பெட்டி, மைக், ஆன்டெனா, கேபிள் ஓடும் வழி நான்கையும் கையால் பிடித்துப் பாருங்கள். பெட்டி ஏர்பேக் விரியும் பாதையில் இருக்கக் கூடாது. கூரை ஓரத்திலும் முன் கண்ணாடித் தூண்களிலும்கூடப் பல வண்டிகளில் திரைச்சீலை போல விரியும் ஏர்பேக் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள். மைக் சுருள்கம்பி ஸ்டீயரிங்கிலோ கியரிலோ சிக்கக் கூடாது. ஓட்டுநரும் பக்கத்தில் இருப்பவரும் கண்ணைச் சாலையிலிருந்து எடுக்காமல் எட்டும்படி மைக் இருக்க வேண்டும்.

பேட்டரியின் எதிர்முனை இணைப்பைக் கழற்றிவிட்டுத்தான் ஒயர் வேலையைத் தொடங்க வேண்டும். மின்சாரத்தை நேராக பேட்டரியிலிருந்து எடுங்கள். சிகரெட் லைட்டர் துளையில் செருகுவது எளிது. 4 அல்லது 5 வாட் கருவிக்கு அது தாங்கும், ஆனால் குலுக்கலில் கழன்றுவிடும், இரைச்சலும் ஏறும். 50 வாட் ரேடியோ பேசும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கு அந்தத் துளை சரிப்படாது. நேர்முனை ஒயரில் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ் வையுங்கள். ஃபியூஸ் காப்பது ஒயரை. அது ரேடியோவுக்குப் பக்கத்தில் இருந்து, எஞ்சின் அறையில் ஒயர் தேய்ந்து பாடியில் பட்டால், ஃபியூஸுக்கு முன்னாலேயே தீப்பிடிக்கும். கருவியோடு வந்த ஃபியூஸ் அளவை ஒருபோதும் கூட்டாதீர்கள்.

எதிர்முனை ஒயரில் ஒரு கவனம் தேவை. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரியின் எதிர்முனையில் மின்னோட்டத்தை அளக்கும் சென்சார் இருக்கிறது. நேராக முனையில் இணைத்தால் ரேடியோ இழுப்பது அதன் கணக்கில் வராது. அப்படிப்பட்ட வண்டிகளில் சென்சாருக்கு அப்பால் உள்ள பாடி எர்த் போல்ட்டில் இணையுங்கள். பெயின்ட்டைச் சுரண்டி வெறும் உலோகம் தெரிந்த பிறகே லக்கை (ஒயர் முனையில் உள்ள உலோக வளையம்) இறுக்க வேண்டும். 24 வோல்ட் வண்டி என்றால் 12 வோல்ட்டுக்கு இறக்கும் கன்வெர்ட்டர் இல்லாமல் ரேடியோவைத் தொடவே வேண்டாம்.

எஞ்சின் அறையிலிருந்து உள்ளே வர, ஏற்கெனவே ஒயர் கட்டு நுழையும் ரப்பர் வளையத்தைப் பயன்படுத்துங்கள். புதுத் துளை போட்டால் கட்டாயம் ரப்பர் வளையம் போடுங்கள். தகட்டு விளிம்பு மாதக்கணக்கில் அதிர்ந்து ஒயரை அறுக்கும். சைலன்சர், ஃபேன், ஸ்டீயரிங் கம்பி ஆகியவற்றிலிருந்து விலகி ஓடட்டும். ஆன்டெனா கேபிளை மடக்கக் கூடாது, கதவில் நசுக்கக் கூடாது; வளைவுகள் தாராளமாக இருக்கட்டும். மின் ஒயரும் ஆன்டெனா கேபிளும் வேறுவேறு பக்கம் ஓடினால் இரைச்சல் குறையும். வண்டிக்குள் நுழையும் இடத்துக்குச் சற்று முன் கேபிளைக் கீழே தொங்கவிட்டு மேலே ஏற்றுங்கள்; மழைநீர் அந்தத் தாழ்விலிருந்து சொட்டிவிடும், கேபிள் வழியே உள்ளே வராது. வெளியே உள்ள இணைப்பில் தண்ணீர் புகுந்தால் கேபிள் உள்ளுக்குள்ளேயே கறுத்துப் போகும். தானே ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பை இழுத்துச் சுற்றி அடைத்துவிடுங்கள்.

அளந்து பார்த்த பிறகே பேச வேண்டும்

ஆன்டெனா இணைக்காமல் பேசும் பொத்தானை அழுத்தவே கூடாது. வெளியே போக வழியில்லாத ஆற்றல் திரும்பி வந்து ரேடியோவின் கடைசி டிரான்சிஸ்டரை எரித்துவிடும். சரியில்லாத ஆன்டெனாவும் இதையே மெல்லச் செய்கிறது. எவ்வளவு திரும்புகிறது என்பதைக் காட்டும் எண்தான் எஸ்டபிள்யூஆர். 1.5 என்றால் 4 சதவீதம் திரும்புகிறது, நன்று. 2 என்றால் 11 சதவீதம், ஓட்டலாம். 3 என்றால் 25 சதவீதம். அங்கே நிறுத்திப் பிழையைத் தேடுங்கள்.

எஸ்டபிள்யூஆர் மீட்டரை ரேடியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவே இணைத்து, திறந்தவெளியில், கதவுகளையும் பானெட்டையும் மூடி, ஆன்டெனா அருகே யாரும் நிற்காதபடி அளக்க வேண்டும். சிபிக்கான மீட்டர் யுஎச்எஃப்பில் பொய் சொல்லும். உங்கள் அலைவரிசைக்கு ஏற்றதை இரவல் வாங்குங்கள். 40 சேனல் சிபியில் 1, 20, 40 மூன்றிலும் அளவு எடுங்கள். 1-இல் அதிகமாகவும் 40-இல் குறைவாகவும் இருந்தால் ஆன்டெனா குட்டை, நீட்டுங்கள். 40-இல் அதிகமென்றால் நீளம், குறையுங்கள். தண்டை வெட்ட வேண்டிய வகை என்றால் ஒரு முறைக்கு இரண்டு, மூன்று மில்லிமீட்டர் மட்டும் வெட்டி மறுபடி அளங்கள். எல்லாச் சேனலிலும் 3-க்கு மேல் நின்றால் நீளத்தைத் தொடாதீர்கள். கோளாறு பெரும்பாலும் இணைப்பு முனையிலோ, தாங்கியின் எர்த்திலோ இருக்கும்.

பிறகு எஞ்சினை ஓட்டி, ஸ்க்வெல்ச்சை (யாரும் பேசாதபோது இரைச்சலை அடைக்கும் விசை) திறந்து கேளுங்கள். எஞ்சின் வேகத்தோடு ஏறி இறங்கும் விசில் ஒலி ஆல்டர்னேட்டரிலிருந்து வருவது. பேட்டரி இணைப்பையும் எர்த்தையும் பாருங்கள். ஒரே சீரான இரைச்சல் என்றால் எல்இடி விளக்கு, கேமரா, யுஎஸ்பி சார்ஜர் ஒவ்வொன்றாக அணையுங்கள். எதை அணைத்ததும் அமைதியாகிறதோ அதன் ஒயரில் ஃபெரைட் வளையம் (இரைச்சலைத் தடுக்கும் காந்தப்பொருள் வளையம்) மாட்டுங்கள்.

தடத்தில் பேசும்போது

ஸ்க்வெல்ச்சை இரைச்சல் நிற்கும் இடத்தில் வையுங்கள், அதற்கு மேல் ஏற்றினால் தூரத்துக் குரல்களும் சேர்ந்து அடைபடும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி காத்துப் பேசுங்கள். இல்லாவிட்டால் முதல் சொல் போய்விடும், என்ன சொன்னீர்கள் என்று எதிரே குழம்புவார்கள். வாயிலிருந்து நாலு விரற்கடை தள்ளி, இயல்பான குரல் போதும். அழைக்கும்போது முதலில் அவர் பெயர், பிறகு உங்கள் பெயர், பிறகு சேதி. டோன் குறி வைத்தால் பேச்சு இரகசியமாகிவிடும் என்று நம்பாதீர்கள். அது உங்கள் காதை மட்டுமே வடிகட்டுகிறது, மற்றவர்கள் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள். மைக்கை மடியில் போட்டுப் பொத்தான் அழுந்திக் கிடந்தால் குழு முழுவதும் ஊமையாகிவிடும், ஆகவே கொக்கியில் மாட்டுங்கள்.

புறப்படும் முன் முதல் வண்டி எல்லாரையும் வரிசையாக அழைத்துக் கேட்க வேண்டும். கடைசி வண்டியில் குழுவின் மிகத் தெளிவான ரேடியோ இருக்கட்டும். இந்தச் சேனல் செத்துப்போனால் எந்தச் சேனலுக்கு மாறுவது என்பதையும் அப்போதே முடிவு செய்துவிடுங்கள். அதிக வாட்டில் பேசும் வண்டியின் ஆன்டெனா அருகே யாராவது நின்றால் அவர் விலகும் வரை பொத்தானைத் தொடாதீர்கள். ரேடியோ, கேட்டுக்கொண்டிருப்பவரைத்தான் எட்டும். தனியாகவோ, ஆளரவமற்ற பகுதிக்கோ போகிறவர்கள் அதோடு செயற்கைக்கோள் வழியாக உதவி கோரும் கருவி ஒன்றையும், அது எந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டது என்று விசாரித்து, எடுத்துச் செல்லுங்கள்.